விடாமல் அடித்த மணி

மூன்று. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். மறுபடி மூன்று. மறுபடி அதே அளவு மௌனம். மறுபடி மூன்று. அதற்குப் பிறகு ஒன்பது, இடைவெளி இல்லாமல், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறினமாதிரி. எமில்டா எண்ண வேண்டுமென்று நினைத்து எண்ணவில்லை. கட்டிலில் காலை நீட்டியபடி பிள்ளையின் வெள்ளைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள், முதல் அடி கேட்டவுடனேயே எழும்பி நின்றுவிட்டாள். அடிவயிற்றுத் தையல் சுரீரென்று இழுத்தது. கை நெற்றிக்குப் போயிருந்தது. பத்து வருசம் கொன்வென்ற் போடிங்கில் இருந்த உடம்பு அது. திருந்தாதிச் செபத்து மணி அடித்தால் வாய்க்குப் போன கரண்டி பாதியில் நிற்க வேணும், ஓடுகிறவள் ஓடின இடத்தில் நிற்க வேணும், அடி வாங்குகிறவளுக்குக்கூட அந்த ஒரு நிமிசம் அடி விழாது. சிஸ்டர் கொலஸ்ரிகா பிரம்பைத் தாழ்த்திக் கண்ணை மூடி நிற்பா, மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. காலமை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஆறு. மூன்று, மூன்று, மூன்று, ஒன்பது. ஆகவே மத்தியானமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்த நேரம் திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஒரு சந்தோசம், தொலைந்த தோட்டை மண்ணுக்குள் கண்டெடுத்தமாதிரி. பன்னிரண்டு மணி. அந்தச் சந்தோசத்துக்குப் பின்னால்தான் மற்றது வந்தது. பன்னிரண்டு என்றால் அவர் ஏன் இன்னும் வரவில்லை.

பத்துக்கு முதல் வாறன் என்றுதான் மரியசீலன் சொல்லிவிட்டுப் போனவர். விடிந்தும் விடியாததுமாக, மழை தூறிக்கொண்டிருக்க, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று சொன்னவர். வயலுக்கு அங்கால் அத்தானிடம் லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் ஒன்று நிற்கிறது, மண்ணெண்ணெயில் ஓடும், அதைக் கேட்டுக் கொண்டுவந்தால் பெட்டியில் பாயைப் போட்டு இவளையும் பிள்ளையையும் படுத்தபடியே கொண்டுபோகலாம். வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்து இருபத்துமூன்று நாள். சைக்கிள் பாரில் இவளை இருத்த முடியாது. நடக்கவும் முடியாது, ஆஸ்பத்திரிப் படியிலிருந்து இறங்கினதே ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் நின்றுதான். “இஞ்ச பாரும். நான் வருமட்டும் படலையைத் தாண்டாதையும். ஆனால் மணி கேட்டால் பிறகு நிக்கப்படாது, விளங்குதோ? என்னைப் பாக்கப்படாது. சனத்தோட சனமாப் போம். நான் எப்பிடியும் வந்து பிடிப்பன்.” “நடக்க ஏலாதே.” “ஏலும். ஏலாமல் ஆர் இருக்கினம் இப்ப.” அப்படிச் சொல்லிவிட்டு, சொன்னது கடுமையாய்ப் போய்விட்டது என்று விளங்கி, மழை ஈரத்தோடு பிள்ளையின் உள்ளங்காலை ஒருதரம் தொட்டார். பிள்ளை காலை இழுத்துக்கொண்டது. படலை சாத்தின சத்தம், சைக்கிள் செயின் இரண்டுதரம் கடகடத்தது, பிறகு மழை. மணி கேட்டால் போ. மணி கேட்காவிட்டால் நில். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கேட்கிற மணி என்ன மணி என்று அவருக்கு யோசனை வரவில்லை. அவர் எண்ணுகிற ஆளில்லை. மணி என்றால் அவருக்கு மணிதான்.

எண்ணுகிறது இவள்தான். போன ஞாயிறு பூசை முடிய, உடுப்புக்கூட மாற்றாமல் பாதர் கோயில் வாசலுக்கு வந்து சொன்னதை ஒரு சொல் விடாமல் இவளால் இப்போதும் சொல்ல முடியும். இண்டையிலயிருந்து மூண்டுவேளை மணியும் இல்லை. பூசைக்கும் மணியில்லை, செத்தாலும் மணியில்லை. ஆமி ஆலடிச் சந்தி தாண்டிட்டான் எண்டு பெடியள் வந்து சொன்னால் மட்டும் மணி. அப்ப கோயில் மணியடிக்கிற பெரியவர் சூசையப்பர் மணியை விடாமல் அடிப்பார். நிப்பாட்டாமல். கேட்டவுடன வெளிக்கிடுங்கோ, ஆடு மாட்டை அவிட்டு விடுங்கோ, ஒருத்தருக்கு ஒருத்தர் காத்திருக்க வேண்டாம். விடாமல். நிப்பாட்டாமல். இரண்டு சொல், இரண்டுதரம். அடுத்தநாள் பாதர் ஏலாத கிழடுகட்டைகளை டிரக்டரில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்விட்டார், கயிறு சூசையப்பரின் கையில். ஆகவே இப்போது அடித்தது அந்த மணி இல்லை. அது விடாமல் அடிக்கவில்லை; நின்று நின்று, எண்ணி எண்ணி, ஐம்பது வருசமாக அடித்தமாதிரியே அடித்தது. பாவம் மனுசன், மறந்துபோனார். மத்தியானமானதும் கால் தன்பாட்டில் கோபுரத்தடிக்குப் போயிருக்கும், கை தன்பாட்டில் கயிற்றைப் பிடித்திருக்கும். மணி வேண்டாம் என்று நாலு நாளைக்கு முதல் சொன்னதை ஐம்பது வருசத்துக் கை எப்படிக் கேட்கும்.

ஆனால் ஊர் எண்ணவில்லை. முதல் அடிக்கே ஊர் எழும்பிவிட்டது. ஒழுங்கையில் ஒருதரமும் கேட்காத சத்தங்கள்: பெட்டி இழுபடுகிறது, நாய் குரைக்கிறது, யாரோ ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். படலைக்கு மேலால் பக்கத்து வீட்டு மக்தலேனக்காவின் தலை தெரிந்தது. ஒரு கையில் ஆட்டுக்கயிறு, மற்றக் கையில் தேங்காய் துருவுகிற திருவலை. எதற்குத் திருவலை? “எமில்டா! எடியேய்! மணி கேக்கேல்லையோ?”

“அது திருந்தாதி அக்கா. மூண்டு மூண்டாத்தானே அடிச்சது. பாதர் சொன்னது விடாமல் அடிக்கிறதெண்டு.”

“மூண்டோ முப்பதோ, மணியடிச்சதோ இல்லையோ?”

“சூசையப்பர் கைப்பழக்கத்தில அடிச்சிட்டாரக்கா. மத்தியானமல்லே.”

“மத்தியானமோ?” மக்தலேனக்கா வானத்தைப் பார்த்தாள். வானம் அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றினமாதிரி ஒரே நிறமாக இருந்தது, சூரியன் எந்த மூலையில் என்று தெரியாது. “அட மாதாவே, நான் இன்னும் உலைகூட வைக்கேல்லை. நேரம் போனதே தெரியேல்லைப் பாத்தியே.” பிறகு குரலைத் திருப்பிக்கொண்டாள். “நீ கொன்வென்ற்றில படிச்சனீ, இருந்து எண்ணுவாய். நான் எண்ணாமல் ஓடுற ஆள். ஆமிக்காரன் வந்து நிப்பான், அவனுக்கும் மூண்டு மூண்டா எண்ணிக் காட்டு.” ஆடு இழுத்தது. இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். “எடி பிள்ளை. பிள்ளையை என்னட்டைத் தா, நீ பின்னால ஆறுதலா வா. திருவலையை எறிஞ்சுபோட்டுத் தூக்கிறன்.”

“அவர் வந்திடுவாரக்கா. வந்து நான் இல்லாட்டி என்ன செய்வார்? வயல் பாதையால வாறவர் நேரே இஞ்சதான் வருவார். சந்திக்கிற இடம் வேற ஒண்டும் நாங்கள் கதைக்கேல்லை.”

மக்தலேனக்கா இவளை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. “பயத்தில பால் வத்திப்போம், பாத்துக்கொள்” என்று மட்டும் சொன்னாள். பிறகு தலை மறைந்தது. ஆட்டின் மணி கொஞ்சநேரம் கேட்டது.

ஊர் காலியாக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராவது கேட்டால் இனி இவளால் சொல்ல முடியும். ஒரு பானை தண்ணீர் கொதிக்கிற நேரம். அதற்குப் பிறகு ஒழுங்கை ஒழுங்கையாகவே இல்லை, இரண்டு வேலிக்கு நடுவில் கிடக்கிற மண். இவ்வளவு காலமும் அமைதி என்று நினைத்ததெல்லாம் அமைதியில்லை, அதற்குள் ஒரு இருமல், ஒரு வாளிச் சத்தம், யாரோ வீட்டு அம்மி எல்லாம் இருந்திருக்கிறது. இப்போது ஒன்றுமில்லை, தூரத்துச் சத்தத்தைத் தவிர. அந்தத் தூரத்துச் சத்தம் இரண்டு மாதிரி. ஒன்று செல் குத்துகிற சத்தம், அதை எல்லோருக்கும் தெரியும், குத்தினதும் மனதுக்குள் எண்ண வேணும், பத்தொன்பதோ இருபதோ எண்ண விழும், எண்ணி முடிய நீ இருந்தால் அது உனக்கில்லை. மற்றது சின்னச் சத்தம், கொத்தாகப் பட்டாசு கொளுத்தினமாதிரி. முதல்நாள் அந்தச் சத்தத்தைத் துவக்குச் சூடு என்றுதான் நினைத்தாள். மேற்கேயிருந்து நடந்து வந்து இவர்கள் கிணற்றில் தண்ணீர் குடித்த ஒரு பெண்தான் சொன்னாள், “அது சூடில்லைத் தங்கச்சி. ஓடு. வீடு எரியேக்க கூரை ஓடு வெடிக்கிற சத்தம்.” தண்ணீர் குடித்தபடி, விலைவாசி சொல்கிறமாதிரிச் சொன்னாள். முதலில் கிடுகு வேலிகளைக் கொளுத்துவார்களாம், மறைப்பு இருக்கக்கூடாதாம். பிறகு பனைகளைத் தறிப்பார்களாம், காப்பரண் கட்ட. றோட்டுக்கரை வீடுகளை டாங்கியால் இடித்து றோட்டுக்குள்ளே தள்ளி அதற்கு மேலால் வருவார்களாம். நெல் மூட்டையைக் கிணற்றுக்குள் கொட்டுவார்களாம். “மாட்டையும் சுடுகினம். மாடு என்ன செய்தது?” என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் போய்விட்டாள். அந்தக் கேள்வி நாலு நாளாகக் கிணற்றடியில் கிடக்கிறது. எமில்டா ஒவ்வொருதரம் தண்ணீர் அள்ளும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. இப்போது மேற்கே புகை ஒரு தூணாக இல்லை, சுவராக நிற்கிறது. கொடியில் காய்கிற வெள்ளைத் துண்டுகளில் கறுப்பாய் மெல்லிசாய் என்னவோ விழுந்திருந்தது, தொட்டதும் பொடியாயிற்று. எரிந்த கிடுகு. யாரோ ஒருவரின் வேலி இவளுடைய விரலில். அவள் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, துண்டை எடுத்து மறுபடி தண்ணீரில் அலசி மறுபடி காயப்போட்டாள். மூலையை மூலையோடு சேர்த்து, சுருக்கமில்லாமல். போட்ட பிறகுதான் யோசித்தாள், ஆமி வருகிறான், நான் துண்டுக்குச் சுருக்கம் எடுக்கிறேன். கை செய்கிறது. நான் செய்யவில்லை.

பன்னிரண்டு எப்போதோ தாண்டியிருக்கும். ஒரு மணியாகியிருக்கும், ஒன்றரையும் ஆகியிருக்கலாம். சுவர் மணிக்கூடு நாலே இருபதில் நிற்கிறது, பற்றரி முடிந்து மாதக்கணக்கு, பற்றரிக்குத் தடை, ஒரு பற்றரிக்காகக் கடலால் போய்ச் சாகவா முடியும் என்று சிரித்தவர், இருந்த ஒரே மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். பத்துக்கு முதல் என்றவர். லாண்ட்மாஸ்டர் பழுதாக இருக்கும். அத்தான் தரமாட்டேன் என்றிருப்பார், அவர் அப்படித்தான், கலியாண வீட்டிலும் கதிரை தர யோசித்தவர். இல்லை, தந்திருப்பார். தந்து, வயல் வரம்பில் சில்லுப் புதைந்திருக்கும், மழை. அல்லது. அந்த அல்லதுக்குப் பிறகு ஒரு படம் வரும், வயல் பாதை, சைக்கிள் சரிந்து கிடக்கிறது, பின் சில்லு மட்டும் சுற்றுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சில்லு நிற்கமாட்டேன் என்கிறது. அது நின்றால் அடுத்ததைப் பார்க்க வேண்டிவரும், அதனால் இவளே அதைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கிறாள். சூசையப்பர் ஏன் அப்படி அடித்தார்? மறந்துதான் அடித்தார். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே பற்ற வைத்த சுருட்டைத் தேடுகிற மனுசன். இவள் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த புதிதில், மணி பிசகாமல் அடிக்கிறார் என்று சொல்லப் போக, “நான் அடிக்கிறதில்லைப் பிள்ளை, கயிறு என்னை இழுக்கும், நான் கூடப் போவன்” என்று பல்லில்லாமல் சிரித்தார். கயிறு இழுத்திருக்கும், கூடப் போயிருப்பார். ஆனால் மறந்து அடித்தவர், ஊர் முழுக்க ஓடுவதைக் கண்டு, ஐயோ இல்லை, பிழையாய் அடித்துவிட்டேன் என்று ஒழுங்கையில் வந்து கத்தியிருக்க மாட்டாரா? கத்தியிருப்பார். கேட்கவில்லையே. கிழட்டுக் குரல், கேட்டிருக்காது. அல்லது பயந்து கோயிலுக்குள் ஒளித்திருப்பார். பிழை செய்த பிள்ளைகள் ஒளிக்கிறதில்லையா. திருந்தாதி மணி பிந்தி அடித்ததற்காக லூர்து என்ற பெட்டை ஒருநாள் முழுக்க உடுப்பு அலுமாரிக்குள் இருந்தவள். மறந்துதான். மறக்காவிட்டால். மறக்காவிட்டால் என்ற சொல் வந்ததும் எமில்டா அதை எழும்பவிடாமல் பிள்ளையைப் போய்ப் பார்த்தாள்.

பிள்ளை நித்திரை. அதுவும் சரியில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வீட்டைத் தலைகீழாக்குகிற பிள்ளை, இன்றைக்குக் கேட்கவில்லை. அவர் வெளிக்கிடும்போது ஒருதரம் குடித்தது. பிறகு இரண்டு பேரும் அயர்ந்துபோனார்கள், மழைச் சத்தத்தில் எவ்வளவு நேரமென்று தெரியாது. எழும்பினபோது இன்னொருதரம் குடித்தது. துண்டு மாற்றி மடித்துக்கொண்டிருக்கத்தான் மணி. அதற்குப் பிறகு இல்லை. மத்தியானம் தாண்டியும் இல்லை. நெற்றியில் கையை வைத்தாள். சூடில்லை. சூடில்லாததும் கூடாது, சோர்ந்துபோன பிள்ளைக்குச் சூடிருக்காது என்று வார்டில் நேர்ஸ் மிஸ் சொன்னவ. மாரில் அழுத்திப் பார்த்தாள். கனக்கவில்லை, கட்டவில்லை. இந்நேரம் கல்லாயிருக்க வேணும், சட்டை நனைந்திருக்க வேணும். மக்தலேனக்கா சொன்னது பலித்துவிட்டது. பால் வற்றுகிறது, பிள்ளை கேட்கவில்லை, அவர் வரவில்லை, மூன்றும் ஒரே நாளில். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம்கூட இல்லை, பெயர்கூட இல்லை, நாற்பது கழியட்டும் என்று விட்டது. சாவு ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், சிஸ்டர் கொலஸ்ரிகா பொம்மை வைத்துப் பழக்கினவ, மூன்று தரம் தலையில் தண்ணீர், சொல் பிசகக்கூடாது. பதினாறு பெட்டைகள் வரிசையில் நின்று ஒரே பொம்மையைப் பதினாறுதரம் கிறிஸ்தவளாக்கினார்கள், அன்றைக்கு எவ்வளவு சிரிப்பு. செம்பில் தண்ணீர் இருக்கிறது. கையெட்டுகிற தூரம். ஆனால் ஊற்றினால் ஆபத்து என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ஊற்றாவிட்டால் இது சாதாரண மத்தியானம், பிள்ளை நித்திரை, மனுசன் கொஞ்சம் பிந்துகிறார். ஊற்றினால் இது அந்த நாள். அவள் செம்பைத் தூக்கி, தண்ணீரைப் பார்த்து, தானே குடித்துவிட்டு வைத்தாள்.

வெள்ளைத் துண்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் மறுபடி முற்றத்துக்கு இறங்கினாள். வேறொன்றுக்குமில்லை. அப்போதுதான் மேகம் ஒரு இடத்தில் நைந்து, நைந்த இடத்தால் வெயில் விழுந்தது. முற்றத்து ஈரமண் சட்டென்று மஞ்சளாயிற்று, கிணற்றுக் கட்டு, முருங்கை, கொடி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஓரம் வந்தது. நாலு நாளைக்குப் பிறகு வெயில். அது முகத்தில் பட்ட இதத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது கிணற்றுத் துலாக்காலின் நிழல் மேற்குவேலிக்குப் போய், வேலியில் ஏறி மடிந்து நின்றது. நீளமாக. ஒரு ஆளைப்போல் இரண்டு ஆள் நீளம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் என்னவோ பிழையாக இருந்தது, கணக்கில் எங்கேயோ ஒன்று விட்டுப்போனமாதிரி. மத்தியானத்து நிழல் காலடியில் கிடக்கும். மத்தியானம் தாண்டினால் கிழக்கே போகும். இது மேற்கே கிடக்கிறது. கோழி மேய்கிற நேரத்து நிழல் இது, தண்ணீர் அள்ளி முகம் கழுவுகிற நேரத்து நிழல். ஒன்பது மணி. ஒன்பதுக்கு மேல் போயிருக்காது. அவள் திரும்பிச் சூரியனைப் பார்த்தாள், அது கிழக்கே, கோயில் கோபுரத்துக்கு மேலே, இன்னும் ஏறவே இல்லை. காலமை. இன்னும் காலமை. அப்படியானால் அவர் பிந்தவில்லை. பத்தே ஆகவில்லை! பிள்ளைக்கு ஒன்றுமில்லை, குடித்து ஒரு மணித்தியாலம்தான். பால் வற்றவில்லை, ஊற நேரம் காணவில்லை. மக்தலேனக்கா உலை வைக்கவில்லை, பதினொன்றுக்கு உலை வைக்கிற மனுசி, எட்டு மணிக்கு எப்படி வைப்பாள், அவளே அதைச் சொன்னாளே, நான்தான் மத்தியானம் என்று அவள் தலையில் கட்டினேன். எமில்டாவுக்குச் சிரிப்பு வந்தது, தையலைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள், வயல் பாதையில் சரிந்து கிடந்த சைக்கிள் தானாக எழும்பி நின்றது. எல்லாம் திரும்பி வந்துவிட்டது, புருசன், பால், பிள்ளை. சிரிப்பு வாயில் இருக்கும்போதே மற்றதும் விளங்கிற்று. மணி அடித்து ஒரு மணித்தியாலம், அப்படியானால் அது அடித்தது எட்டுக்கு. எட்டு மணிக்குத் திருந்தாதி இல்லை. உலகத்தில் எந்தக் கோயிலிலும் எட்டு மணிக்குத் திருந்தாதி இல்லை. மணி அடித்ததால் மத்தியானம் என்றாள், மத்தியானம் என்பதால் அது திருந்தாதி என்றாள். ஒன்றில் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டும் ஒன்றாக விழுந்தன. அந்த மனுசன் மறக்கவில்லை. ஆலடிச் சந்தி தாண்டிவிட்டான் என்று யாரோ வந்து சொல்ல, ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறார், பயத்தில் உயிரைக் கையில் கொடுத்து அடித்திருக்கிறார், கைக்கு வேறொன்றும் தெரியாது. துண்டுக்குச் சுருக்கம் எடுக்கிற கை இவளுடையது. அவருடையது மூன்று மூன்றாக அடிக்கிற கை.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை, அல்லது யோசனை காலுக்கு இறங்கிவிட்டது. சேலையை இழுத்து அடிவயிற்றில் இறுக்கிக் கட்டினாள். காய்ந்தும் காயாத துண்டு ஆறு, சுடுதண்ணிப் போத்தல், ஆஸ்பத்திரியில் தந்த பிள்ளையின் பிறப்புச் சீட்டு, இவ்வளவும் ஒரு உரைப்பைச் சாக்குக்குள். வீட்டைப் பூட்டவில்லை. பூட்டின வீட்டைக் கண்டால் ஆமிக்குக் கோபம் கூட என்று அந்தத் தண்ணீர் குடித்த பெண் சொன்னவள். அவர் வருவார், பத்துக்கு முதல் வருவார், வந்து காலி வீட்டைக் காண்பார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துப் படலைத் தகரத்துக்கு முன்னால் நின்றாள். போறன், கிழக்கே, கோயில் பாதை. இல்லை. அவர் மட்டுமா வாசிப்பார். இந்தப் படலைக்கு இன்றைக்கு அவருக்கு முதலே யார் வருவார்களோ, அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால், கிழக்கே என்ற ஒரு சொல் போதும். கரி விரலில் பிசுபிசுத்தது. கொன்வென்ற்றில் பழகின உருண்டை எழுத்தில், கோடு வளையாமல், இவ்வளவுதான் எழுதினாள்: ஒன்பது மணிக்குப் பால் குடுத்திட்டன். யார் வாசித்தாலும் அது பால் கணக்கு. அவர் வாசித்தால், ஒன்பதுக்கு இங்கே ஆள் உயிரோடு இருந்தது, பிள்ளை சுகம், மணி கேட்டது, சொன்னபடி செய்கிறேன். எழுதிவிட்டுப் பார்த்தாள், பொய் எழுதக்கூடாது என்று வாசற்படியில் இருந்துகொண்டு பிள்ளையை எழுப்பி மாரில் வைத்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொண்டது. பத்தொன்பது, இருபது என்று எங்கேயோ ஒன்று விழுந்தது. ஓடு வெடிக்கிற சத்தம் இப்போது கொத்தாக இல்லை, தனித்தனியாகக் கேட்டது. அவ்வளவு கிட்ட. குடித்து முடியும்வரை அவள் எழும்பவில்லை.

படலையைத் தாண்டினது வலது கால். ஐந்தாவது அடியில் தையல் எரியத் தொடங்கியது, பத்தாவதில் வேலியைப் பிடித்தாள். ஒழுங்கையில் ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்த பெட்டி, கொஞ்சத் தூரத்தில் மக்தலேனக்காவின் திருவலை. எறிந்திருக்கிறாள், வேறு யாரின் பிள்ளையையாவது தூக்க எறிந்ததாக இருக்கும், அல்லது பாரம். கோயிலடியில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. கோபுரத்தடியில், கயிற்றுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு சூசையப்பர் இருந்தார். வாயில் பற்றவைக்காத சுருட்டு. உள்ளங்கை இரண்டிலும் கயிறு தோலை உரித்த இடம் சிவந்திருந்தது. இவளைக் கண்டதும் எழும்பினார், எழும்புவதற்கு இரண்டுதரம் தெண்டிக்க வேண்டியிருந்தது.

“என்ன பிள்ளை, நீ இன்னும் போகேல்லையோ? எல்லாரும் போட்டினமெண்டெல்லோ நான் இருக்கிறன். மணி கேக்கேல்லையோ?”

“கேட்டது பெரியையா.”

“நல்லாக் கேட்டதோ? கோயில் அதிரக் கேட்டதோ?” அவர் கையை அவளுக்கு முன்னால் விரித்துக் காட்டினார், பிள்ளைகள் சிலேற்றைக் காட்டுகிறமாதிரி. “பாதர் சொன்னமாதிரியே அடிச்சனான் பிள்ளை. விடாமல். மூச்சு விடாமல். ஒருக்காக்கூடக் கை நிக்கேல்லை.”

எமில்டா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமில்லை அது. கைகளையும் பார்த்தாள். மூன்று, ஒரு மூச்சு, மூன்று என்று சொல்ல வாய் வந்தது. பத்து வருசத்துக் கொன்வென்ற் வாய் அது, பிழையைக் கண்டால் திருத்தாமல் விடாது.

“ஓம் பெரியையா” என்றாள். “விடாமல்தான் அடிச்சனீங்கள். அதைக் கேட்டுத்தான் வாறன்.”

அவர் தலையாட்டினார். உரைப்பையை இவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மணிக்கயிற்றை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கிழக்கே பார்த்து முன்னால் நடந்தார். மேகம் மறுபடி மூடிவிட்டது, நேரம் மறுபடி இல்லாமல் போனது. பிள்ளையின் தலை கழுத்தடியில் சூடாக இருந்தது. எமில்டா மூன்று அடி வைத்தாள். நின்று, தையலைப் பொத்தி, ஒரு மூச்சு எடுத்தாள். மூன்று அடி. ஒரு மூச்சு. மூன்று. முன்னால் போன கிழவர் திரும்பிப் பார்த்தார்.

“நிண்டு நிண்டு வாறாய் பிள்ளை. ஏலுமோ?”

“நிக்கேல்லைப் பெரியையா” என்றாள் எமில்டா. “விடாமல்தான் வாறன்.”